அவரவர் கோடு

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், செமூர் என்ற ஊரில், 1759-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் பிலிபெர் கெனோ த மோன்பெய்யார் இயற்கை ஆராய்ச்சியில் ஊறியவர். அன்றைய ஐரோப்பாவின் பெரிய இயற்கையியலாளரான புஃபோனுக்கு நெருங்கிய நண்பர். பறவைகளைப் பற்றிய தொகுதிகளை எழுதுவதில் அவருக்குக் கைகொடுத்தவர். பிள்ளை பிறந்ததும் அதன் நீளத்தை அளந்து குறித்துவைத்தார். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்தார். பிள்ளை தவழ்ந்தான், நடந்தான், மீசை அரும்பியது, ஆறடியைத் தாண்டினான். தகப்பனார் அளப்பதை நிறுத்தவில்லை. 18 ஆண்டுகள் சேர்ந்த அந்த அளவுகளை 1777-ல் புஃபோன் தம்முடைய 'இயற்கை வரலாறு' நூலின் துணைத் தொகுதி ஒன்றில் அச்சிட்டார்.

அந்த அட்டவணையில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இவனைவிட உயரமா, செமூர் ஊரில் இவனுக்கு எத்தனையாவது இடம் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. அப்படியிருந்தும் மனித வளர்ச்சியைப் பற்றிய அறிவியலில் அந்த ஒற்றைப் பிள்ளையின் கணக்கு இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. ஒருவரையே தொடர்ந்து அளந்து எழுதிய மிகப் பழைய வளர்ச்சிப் பதிவு அதுதான்.

1927-ல் ரிச்சர்ட் ஸ்காமன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் பழைய பிரெஞ்சு அடி, அங்குலக் கணக்கை மெட்ரிக் அளவுக்கு மாற்றி வரைபடமாக்கினார். பின்னால் பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் டானர் அதே அளவுகளை இன்னொரு விதமாக வரைந்து காட்டினார். உயரம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்பதைக் கோடாக்கினார். அந்தக் கோடு பிறந்த முதல் வருடத்தில் உச்சத்தில் தொடங்கி மளமளவென்று இறங்குகிறது. பள்ளி வயதில் மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் திடீரென்று மலைபோல் எழும்பி, மறுபடி சரிந்து, பூச்சியத்தை நோக்கிப் போகிறது. 'பையன் ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான்' என்று வீடுகளில் சொல்வார்களே, அந்த வருடம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெத்லே. வானியலும் புள்ளியியலும் கற்றவர்; 'சராசரி மனிதன்' என்ற கருத்தை உலகத்துக்குக் கொடுத்தவர். 1835-ல் வந்த அவருடைய நூலில் மனித உயரத்தின் வளர்ச்சிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவர் ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளக்கவில்லை. பல வயதுப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு முறை அளந்து, வயதுவாரியாகச் சராசரி எடுத்து, புள்ளிகளை இணைத்தார். கிடைத்தது அழகான, வழுவழுப்பான ஒரு கோடு. அதில் அந்த மலை இல்லை. பருவ வயதுத் துள்ளலே காணாமல் போயிருந்தது.

ஒரு தகப்பன் ஒரே பிள்ளையை வைத்துக் கண்டுபிடித்ததை, பெரும் புள்ளியியலாளர் பலரை அளந்தும் தவறவிட்டது எப்படி? காரணத்தை 1892-ல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் புரிந்துகொண்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சியின் தாளம் வேறு. ஒருவன் பன்னிரண்டில் துள்ளுவான், இன்னொருவன் பதினைந்தில். பன்னிரண்டு வயதுக்காரர்களை எல்லாம் கூட்டி வகுத்தால், துள்ளுகிறவனும் துள்ளாதவனும் ஒன்றாகக் கரைந்து போவார்கள். 1930-களில் ஃபிராங்க் ஷட்டில்வொர்த் பிள்ளைகளை வயதை வைத்து அடுக்காமல், அவரவர் துள்ளல் உச்சம் தொட்ட நாளை வைத்து அடுக்கிப் பார்த்தார். மங்கிப் போயிருந்த மலை செங்குத்தாக எழுந்து நின்றது. சராசரியின் கோடு எந்த ஒரு பிள்ளையின் கோடும் இல்லை என்பது அப்போது நிரூபணமானது.

தன்னைத் தன்னோடு ஒப்பிடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால், அதை மனச்சாந்திக்கான அறிவுரையாகவே பெரும்பாலும் சொல்வார்கள். 'அடுத்தவனைப் பார்க்காதே, நேற்றைய உன்னைப் பார்' என்று தோளில் தட்டிக்கொடுப்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது வேறு. அது ஆறுதல் வார்த்தை அல்ல, ஓர் அளவை முறை. கூட்டத்தோடு ஒப்பிடும்போது மறைந்துபோகிற உண்மைகளை அது காட்டிக்கொடுக்கிறது. எந்த அளவை முறையையும்போல அதற்கும் கறாரான விதிகள் உண்டு, எல்லைகளும் உண்டு.

எட்டு வயதில் ஒரே உயரமுள்ள இரண்டு சிறுமிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வகுப்பில் குட்டையானவர்கள். முதலாமவள் சின்ன வயதிலிருந்தே குட்டை; வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் தவறாமல் வளர்கிறாள். இரண்டாமவள் நான்கு வயதில் சராசரிக்கு மேலே இருந்தவள்; பிறகு வேகம் குறைந்து, இப்போது ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் கூடுகிறது. வகுப்பு வரிசையில் நிறுத்தினால் இருவருக்கும் ஒரே இடம். மருத்துவருக்கோ முதலாமவள் ஆரோக்கியமான பிள்ளை, இரண்டாமவள் உடனே பரிசோதிக்கப்பட வேண்டியவள். தைராய்டு சுரப்புக் குறைவோ, வளர்ச்சி ஹார்மோன் குறைவோ, குடல் நோயோ இருக்கலாம். இதை எடுத்துச் சொல்வது அவளுடைய சொந்தக் கோட்டின் சரிவு மட்டும்தான். லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டனில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் டானரும் ரெஜினால்ட் வைட்ஹவுஸும் ஆண்டுக்கணக்காக அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அளந்ததும் இந்த வேகத்தைப் பிடிக்கத்தான். அளந்தவர் வைட்ஹவுஸ். ஆள் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும் என்பதால் ஒரே கையால் அளந்தார்கள். கருவியைக்கூட அதற்கென்றே வடிவமைத்தார்கள்.

இந்த எண்ணம் மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டி ஏழைத் தாய்மாரின் கைக்கு வந்தது ஆப்பிரிக்காவில். டேவிட் மார்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1950-களின் பிற்பகுதியில் மேற்கு நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் வேலை பார்த்தார். மாதந்தோறும் குழந்தையின் எடையைப் புள்ளியாக வைத்துக் கோடு போடும் ஓர் அட்டையை அங்கே உருவாக்கினார். அட்டை மருத்துவமனை அலமாரியில் இருக்கக் கூடாது, தாயிடமே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். 1980-களில் யுனிசெஃப் உலகெங்கும் கொண்டுசென்ற வளர்ச்சிக் கண்காணிப்புக்கு விதை அந்த அட்டைதான்.

தமிழ்நாட்டில் அது ஓர் அரசுத் திட்டத்தின் முதுகெலும்பாகவே ஆனது. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. எல்லாருக்கும் எப்போதும் சத்துணவு என்று வைக்கவில்லை. எந்தக் குழந்தையின் எடை கூட வேண்டிய அளவு கூடாமல் தடுமாறுகிறதோ, அந்தக் குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு. கோடு மறுபடி ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். ஏறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உணவைத் தீர்மானித்தது குழந்தையின் கடந்த மாதத்து எடை.

அந்த எடை போடும் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அளவை என்பது எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். உத்தரத்திலிருந்து தொங்கும் வட்ட முகத் தராசு. அதன் கொக்கியில் இரண்டு கால் துளை வைத்துத் தைத்த துணிப்பை. காலிப் பையை மாட்டி முதலில் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் பையின் எடையும் குழந்தையின் கணக்கில் சேர்ந்துவிடும். சட்டையைக் கழற்றிக் குழந்தையைப் பையில் இறக்கினதும் அது வீறிட்டு அழும், காலை உதைக்கும், முள் இரண்டு பக்கமும் ஆடும். ஊழியர் அவசரப்படாமல் முள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நின்றதும் முள்ளைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும்; கீழிருந்தோ பக்கவாட்டிலோ பார்த்தால் நூறு கிராம் தவறும். பிறகு அட்டையில் குழந்தையின் மாதத்தைத் தேடி, அதற்கு நேரே மேலே போய், கிலோக் கோட்டில் புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு இணைக்க வேண்டும். 'போன மாசம் இங்க இருந்துச்சும்மா, இந்த மாசம் பாருங்க, படுத்துடுச்சு' என்று அங்கன்வாடி டீச்சர் விரலால் காட்டினால் எழுத்துத் தெரியாத தாய்க்கும் புரியும். ஏறுகிற கோடு, படுத்த கோடு, இறங்குகிற கோடு. மூன்றே செய்தி.

அந்தத் திட்டத்தின் மதிப்பீடுகள், கடுமையான ஊட்டக்குறைவு அது நடந்த பகுதிகளில் கணிசமாகக் குறைந்ததைக் காட்டின. ஆனால் அதன் விதிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எடை தடுமாறும் குழந்தைகளோடு, ஏற்கெனவே மிக மோசமாக மெலிந்திருந்த குழந்தைகளையும் அது நேராகச் சேர்த்துக்கொண்டது. பிறந்ததிலிருந்தே அடிமட்டத்தில் கிடக்கும் குழந்தையின் கோடு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கலாம். தன்னோடு மட்டும் ஒப்பிட்டால் அது முன்னேறும் குழந்தை. மற்ற பிள்ளைகளின் அளவை அருகில் வைத்தால்தான் அது பட்டினியில் வளர்கிறது என்று தெரியும். இன்றைய தாய்-சேய் அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறப் பட்டைகள் பின்னணியில் இருப்பதற்கு இதுவே காரணம். குழந்தையின் கோடு அந்த நிறங்களின் மேல் வரையப்படுகிறது. இரண்டில் எதை விட்டாலும் ஏதோ ஒரு குழந்தை கவனிப்பிலிருந்து நழுவிவிடும்.

உடல் வளர்ச்சியில் நடந்த கதை கற்றலிலும் நடந்தது. வில்லியம் லோ பிரையன் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர். அவரிடம் படிக்க வந்த நோபிள் ஹார்ட்டர் முன்னாள் ரயில்வே தந்தி ஊழியர். இருவரும் சேர்ந்து 1897-லும் 1899-லும் தந்தி கற்பவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஹார்ட்டருக்குத் தொழில் உள்ளிருந்து தெரியும். பழகுநர்களை வாரந்தோறும் சோதித்தார்கள்: நிமிடத்துக்கு எத்தனை எழுத்து அனுப்புகிறார், எத்தனை எழுத்துக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்.

அனுப்பும் கோடு சீராக ஏறியது. கேட்கும் கோடு அப்படி இல்லை. கொஞ்ச நாள் ஏறி, வேலைக்குத் தேவையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வந்து அப்படியே நின்றுவிட்டது. வாரக்கணக்கில் நின்றது. பழகுநர் தினமும் உழைக்கிறார், எண் நகரவில்லை. மனம் வெறுத்துப் பலர் தொழிலை விட்டுப் போவது அந்த இடத்தில்தான் என்று தந்தி அலுவலகங்களில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தாக்குப்பிடித்தவர்களின் கோடு ஒரு கட்டத்தில் மறுபடி எழுந்தது. பிரையனும் ஹார்ட்டரும் சொன்ன விளக்கம் இது: ஆரம்பத்தில் காது டக்டக் ஒலியை எழுத்தெழுத்தாகப் பிடிக்கிறது. பிறகு சொல் முழுவதும் ஒரே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது, அதற்குப் பிறகு சொற்றொடர். எழுத்துப் பழக்கம் தானாக ஓடத் தொடங்கும்வரை அடுத்த படி திறக்காது. எண் நகராத அந்த வாரங்களில் அடித்தளம் இறுகிக்கொண்டிருந்தது.

எல்லாத் திறமையிலும் இப்படித் தேக்கம் வரும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லவில்லை. இருவரின் விளக்கமும் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் அவர்கள் ஒரு பழகுநரின் கோட்டைத் தனியாக வரைந்தார்கள் என்பதே பெரிய விஷயம். அடுத்த நூற்றாண்டின் உளவியலாளர்கள் பெரும்பாலும் சராசரிக் கோடுகளையே வரைந்தார்கள். அவை எல்லாம் மென்மையாக, படிப்படியாக ஏறின. 2004-ல் சார்ல்ஸ் கேலிஸ்டலும் உடன் ஆய்ந்தவர்களும் விலங்குகளின் கற்றல் தரவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, தனித்தனி விலங்கு அப்படிக் கற்கவில்லை என்று கண்டார்கள். பெரும்பாலானவை வெகு நேரம் தட்டையாக இருந்து, திடீரென்று படியேறின. படி ஏறும் நேரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்ததால் மென்மையான ஏற்றம் பிறந்தது. கெத்லே செய்த அதே பிழை. டைப்பிங் பழகுகிறவரோ வீணை கற்கிறவரோ 'தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவேன்' என்று எதிர்பார்த்து, அது நடக்காதபோது தம்மையே குறை சொல்லிக்கொண்டால், அவர் தம்மைச் சராசரி என்ற இல்லாத மனிதரோடு ஒப்பிடுகிறார்.

அப்படியானால் நேற்றைய தன்னோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதுமே என்று தோன்றும். அங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: நேற்றைய நாம் எப்படி இருந்தோம் என்பது நமக்கு நினைவில்லை. நினைவிருப்பதாக நம்புகிறோம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கான்வே, மைக்கேல் ராஸ் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. படிக்கும் திறனை வளர்க்கும் பயிற்சி வகுப்பில் சேர விரும்பிய மாணவர்களிடம், தொடக்கத்தில் அவரவர் திறனைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு பாதியை வகுப்பில் சேர்த்தார்கள். மறு பாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும், 'முன்பு உங்களை எப்படி மதிப்பிட்டீர்கள், நினைவுபடுத்திச் சொல்லுங்கள்' என்று கேட்டார்கள். காத்திருந்தவர்கள் ஏறக்குறைய சரியாகச் சொன்னார்கள். வகுப்பில் படித்தவர்களோ தாங்கள் முன்பு கொடுத்த மதிப்பைவிடக் குறைவான மதிப்பைச் சொன்னார்கள். அதாவது, பழைய தன்னைக் கீழே இறக்கிவிட்டு, இப்போது தாங்கள் உயர்ந்துவிட்டதாகக் கண்டார்கள். மதிப்பெண் கூடும் என்றும் எதிர்பார்த்தார்கள். மதிப்பெண் கூடவில்லை.

இது பொய் அல்ல, வீம்பும் அல்ல. பாடுபட்டால் பலன் இருந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு ஏற்ப மனம் பழையதைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. எனவே நினைவை நம்பித் தன்னோடு தன்னை ஒப்பிடுவது கற்பனையோடு ஒப்பிடுவதுதான். மோன்பெய்யார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தாளில் எழுதியது ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கே விளங்கும். அன்றைக்கே, அதே கோலால், தேதியோடு எழுதாத எதுவும் அளவாகாது.

இன்னொரு விதி: இரண்டு புள்ளிகளை வைத்து முடிவு கட்டக் கூடாது. காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால் வரும் மாற்றம் அது. உடல் எடை, உப்பும் தண்ணீரும் கூடுவதிலும் குறைவதிலும் ஒரே நாளில் ஒரு கிலோ இப்படி அப்படிப் போகும். டயட் தொடங்கிய மூன்றாம் நாள் தராசில் ஏறி இறங்கி மகிழ்வதும் அழுவதும் வீண். அதே நேரம், அதே தராசு, பல வாரங்கள் என்று சேரும்போதுதான் கோடு பேசத் தொடங்கும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2017 மே மாதம் தமிழக அரசு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல்களை இனி வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது. நல்ல முடிவு. ரேங்க் என்பது மாணவரைப் பற்றிய அளவே அல்ல, வரிசையைப் பற்றிய அளவு. ஒரு மாணவி போன தடவையைவிடப் பத்துக் கணக்கு கூடுதலாகச் சரியாகச் செய்திருந்தாலும், மற்றவர்கள் பன்னிரண்டு கூடுதலாகச் செய்திருந்தால் அவள் 'இறங்கியவள்'. அவள் கற்றது அந்த எண்ணில் எங்கேயும் இல்லை. நுழைவுத் தேர்வுகளில் வரும் பெர்சென்டைலும் இப்படித்தான். சீட் குறைவாக இருக்கும்போது ஆட்களைத் தேர்ந்தெடுக்க அது தேவைப்படலாம். பிள்ளை என்ன கற்றது என்று அறிய அது உதவாது.

ஒப்பீட்டின் விளைவை ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து தொடர்ந்து அளந்துவருகிறார். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு மாணவர்களில் ஒருவர் சாதாரணப் பள்ளியிலும் இன்னொருவர் பொறுக்கி எடுத்த கெட்டிக்காரர்களின் பள்ளியிலும் படித்தால், கெட்டிக்காரர் பள்ளியில் இருப்பவருக்குத் தம் படிப்பைப் பற்றிய மதிப்பு குறைந்துவிடுகிறது. 2003-ல் மார்ஷும் கிட்-தாய் ஹாவும் 26 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதினைந்து வயது மாணவர்களின் தரவில் இதைச் சோதித்தார்கள். கலாசாரம் எதுவானாலும் பொதுவாக இதே போக்கு தெரிந்தது. ஊரில் முதலாவதாக இருந்துவிட்டுப் பெரிய கோச்சிங் சென்டருக்கோ ஐ.ஐ.டி.க்கோ போன பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரில் நொறுங்குவது அவர்களின் பலவீனத்தால் அல்ல. அறிவு குறையவில்லை, சுற்றி நிற்பவர்கள் மாறிவிட்டார்கள்.

ஆசிரியர்களிடமிருந்து இதற்கு மாற்று வர முடியுமா? ஜெர்மானிய உளவியலாளர் ஃபால்கோ ரைன்பெர்க் இதைத்தான் ஆராய்ந்தார். அவர் ஆசிரியர்களிடம் கற்பனை மாணவர்களின் அடுத்தடுத்த மூன்று தேர்வு மதிப்பெண்களைக் கொடுத்து, கடைசித் தேர்வைப் பாராட்டுவீர்களா, கண்டிப்பீர்களா என்று கேட்டார். வகுப்புச் சராசரி 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் 85, 80, 75 எடுக்கிறான். இன்னொருவன் 25, 30, 35. சில ஆசிரியர்கள் 75-ஐப் பாராட்டி 35-ஐக் கண்டித்தார்கள். சிலர் 35-ஐப் பாராட்டி, 75-ஐப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இரண்டாம் வகை ஆசிரியர்களின் வகுப்புகளில் தேர்வு பயம் குறைவாகவும், தம்மால் முடியும் என்ற நம்பிக்கை கூடுதலாகவும் இருந்தது. அதிகப் பலன் கிடைத்தது படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு. எல்லா ஆசிரியரும் இந்தச் சோதனையைத் தமக்குத் தாமே ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது.

தன்னோடு தன்னை ஒப்பிடும் முறை கணித அளவில் மிகக் கூர்மையாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: ஊக்கமருந்து தடுப்பு. சைக்கிள் பந்தயத்தில் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனை ஊசி போட்டுச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும் மோசடி 1990-களில் பரவியது. அன்றைய பரிசோதனைகளால் அதை நேரடியாகப் பிடிக்க முடியவில்லை. எனவே சர்வதேச சைக்கிள் சங்கம் 1997-ல் ஒரு பொதுக் கோடு போட்டது: ஆண்களின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்ட முடியாது. விளைவு என்ன? இயல்பாக 42 சதவீதம் உள்ளவர் 49 வரை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பாக ஓட்டலாம். இயல்பாகவே அதிகம் உள்ளவர் ஒரு தப்பும் செய்யாமல் சந்தேகத்துக்கு ஆளாவார்.

அப்படி ஒரு மனிதர் நிஜமாகவே இருந்தார். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மன்டிரன்டா, 1964 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் தனிப் போட்டிகளில் இரண்டு தங்கம் வென்றவர். அவருடைய ஹீமோகுளோபின் மற்ற எவரையும்விட மிக அதிகம். சந்தேகம் அவரைத் துரத்தியது. 1993-ல்தான் காரணம் வெளிவந்தது. அவருடைய குடும்பத்தில் பலருக்கு எரித்ரோபொய்ட்டினை உணரும் ஏற்பி மரபணுவில் ஒரு மாற்றம் பரம்பரையாக இருந்தது. அவருக்கு இயல்பே அதுதான்.

2008-ல் சைக்கிள் சங்கம் வழியை மாற்றியது. அடுத்த ஆண்டு உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பும் அதற்கான விதிமுறைகளை ஏற்றது. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் உயிரியல் பாஸ்போர்ட். ஆண்டு முழுவதும் எடுக்கும் இரத்தப் பரிசோதனைகள் அதில் சேரும். இதன் கணக்கு அழகானது. முதல் பரிசோதனையின்போது வீரரைப் பற்றி எதுவும் தெரியாது. எனவே அவரைப் போன்ற பலரின் தரவை வைத்து அகலமான எல்லை போடப்படுகிறது. இரண்டாவது, மூன்றாவது பரிசோதனை வரும்போது எல்லை அவருடைய சொந்த அளவை நோக்கிச் சுருங்குகிறது. போகப் போகக் கூட்டத்தின் எடை குறைந்து, அவருடைய வரலாற்றின் எடை கூடுகிறது. 42-ல் இருந்தவர் திடீரென்று 48-க்குப் போனால், அது 50-க்குக் கீழே இருந்தாலும் மணி அடிக்கும். 'பிறரோடு ஒப்பிடலாமா, தன்னோடு ஒப்பிடலாமா' என்ற பழைய சண்டைக்கு இதைவிட நேர்மையான தீர்ப்பு வேறு இல்லை. ஒன்றும் தெரியாத நாளில் பிறரிடமிருந்து தொடங்கலாம்; தன் பதிவு சேரச் சேர அதையே நம்பலாம்.

நம் வீட்டு இரத்தப் பரிசோதனைக்கும் இதே கணக்கு பொருந்தும். 1974-ல் யூஜின் ஹாரிஸ் என்ற புள்ளியியலாளர், ஒரு மனிதருக்குள் நாளுக்கு நாள் வரும் மாற்றம் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைவிட மிகச் சிறியதாக இருந்தால், ரிப்போர்ட்டில் அச்சிடும் பொது 'நார்மல்' எல்லை அந்த மனிதரிடம் வரும் மாற்றத்தைப் பிடிக்காது என்று காட்டினார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இதற்கு நல்ல உதாரணம். வழக்கமாக 0.6 மில்லிகிராம் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டே நாளில் 0.9 ஆனால், லேப் ரிப்போர்ட்டில் அது நார்மலாகவே அச்சாகும்; பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்காது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடுவதும், ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஆவதும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் என்று 2012-ல் வந்த சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. பழைய எண் கையில் இருந்தால் மட்டுமே மருத்துவரால் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

வயது இந்தக் கணக்கில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக், 2004-ல் தம் 73-வது வயதில் டொராண்டோ மராத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தார். 2016-ல், 85 வயதில், அவருக்கு 3 மணி 56 நிமிடம் 34 வினாடி ஆனது. நேற்றைய தன்னோடு மட்டும் ஒப்பிட்டால் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டார். ஆனால் 85 வயதுக்காரர் ஒருவர் நான்கு மணிக்குள் ஓடியதாக அதற்கு முன் பதிவே இல்லை. இதற்காகவே மூத்த தடகள வீரர்களுக்கு வயதுத் திருத்த அட்டவணைகள் இருக்கின்றன. ஓட்ட நேரத்தை அந்த வயதின் சிறந்த நேரத்தோடு வைத்துச் சதவீதமாகத் தருகின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவர், பிரசவத்துக்குப் பிறகு ஓடத் தொடங்குகிறவர், அறுபதைத் தாண்டிப் பாட்டுக் கற்கிறவர் எல்லாரும் எந்த நாளைத் தொடக்கப் புள்ளியாக வைப்பது என்பதை யோசித்தே வைக்க வேண்டும். நோய்க்கு முந்தைய உடல் அவர்களுக்கு அளவுகோல் அல்ல. பயிற்சி தொடங்கிய முதல் நாளில் எத்தனை அடி நடந்தார் என்பதே அவருடைய முதல் புள்ளி.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் இருந்தால் 'நார்மல்தானே' என்று கிழித்துப் போடாமல் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது புதிய ரிப்போர்ட்டோடு அதையும் எடுத்துப் போங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எடைக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த முறை கேட்டு எழுதி வாங்குங்கள். ஏதாவது கற்கத் தொடங்கியிருந்தால், இன்றைக்கு எவ்வளவு தெரியும் என்பதை இன்றைக்கே எழுதிவையுங்கள்; பாட்டு என்றால் போனில் பதிவு செய்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பாட்டை, அதே சுருதியில் மறுபடி பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.